வாஸ்பியில் விடைபெறாமல் நின்றவர்கள்

ஊரடங்கு உத்தரவு அமலுக்கு வந்த வெள்ளிக்கிழமை மாலை, மினசோட்டா மாநிலத்து வாஸ்பி ஊரில் ஒரு டஜன் பேருக்கு மேல் அடுத்தவர் வீட்டு வாசற்படியில் கால் ஒட்டிப்போய் நின்றார்கள். பசை எதுவும் இல்லை, உறைபனியும் இல்லை, சுரண்டிப் பார்த்தாயிற்று. பூட்ஸைக் கழற்றியவருக்குக் காலுறை ஒட்டியது, காலுறையைக் கழற்றியவருக்குப் பாதம் ஒட்டியது, அதற்கு மேல் கழற்ற எதுவும் இல்லாததால் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக்கொண்டார். பாலிசி புதுப்பிக்கச் சொல்ல வந்த இன்சூரன்ஸ் முகவர் ஒரு வீட்டில் நின்றார். நோயாளிக்கு ஜெபம் பண்ண வந்த பாஸ்டர் இன்னொரு வீட்டில் நின்றார். தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் ஒரு மாமியார் நின்றார். மருமகன் அன்றிரவு பல்லைக் கடித்தபடி போர்வை கொண்டுவந்து கொடுத்ததைப் பலர் பார்த்தார்கள்.

காரணத்தை ஊர் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டது. வாஸ்பியில் யாரும் யார் வீட்டிலிருந்தும் சும்மா எழுந்து போய்விட முடியாது. முதலில் இரண்டு தொடைகளிலும் கையால் தட்டி "சரி, அப்புறம்" என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டு கால்மணி நேரமாவது உட்கார்ந்திருக்கவேண்டும். பிறகு எழுந்து நின்று, ஏரிப் பனி எப்போது உடையும் என்று பேசவேண்டும். மிஞ்சிய கேக்கை எடுத்துப் போகச் சொல்வார்கள். இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி மூன்றாம் தடவை வாங்கிக்கொள்ளவேண்டும். கடைசியில் வாசற்படியில் நின்று கைகொடுக்கவேண்டும். கைகொடுத்தால்தான் போனவர் போனவர். அதுவரை வீட்டுக்காரர் கதவைச் சாத்துவது மரியாதை இல்லை. உத்தரவோ ஆறடி தள்ளி நிற்கச் சொன்னது. வேறு ஊராக இருந்தால் இரண்டில் ஒன்றை மீறிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். வாஸ்பிக்காரர்கள் காலி சாலையில் சிவப்பு விளக்குக்கு நிற்கிற ஜாதி. மரியாதையையும் விட மனமில்லை, சட்டத்தையும் மீற மனமில்லை. கால்கள் இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டன, கதவுகளும் சாத்த மறுத்தன. பிடித்து இழுக்கலாம் என்றால் அதற்கும் ஆறடிக்குள் போகவேண்டியிருந்தது.

முதல் வாரம் எல்லோருக்கும் அது வேடிக்கையாக இருந்தது. காரில் வந்து கண்ணாடியை ஏற்றிவைத்துக்கொண்டே படம் எடுத்தார்கள். சுட்ட உருளைக்கிழங்குக் கறியைப் பனி அள்ளும் தள்ளுபலகையின் மேல் வைத்து நீட்டினார்கள். மற்ற வசதிக்கு ஒரு வாளியும் ஒரு பழைய திரைச்சீலையும் போதுமானதாக இருந்தது. இரண்டாம் வாரம் திறந்த கதவு வழியாக ஹீட்டர் சூடெல்லாம் தெருவுக்குப் போவதைப் பற்றிப் புகார் எழுந்தது. பக்கத்து மாவட்டத்துக் கார்களால்தான் இந்த வினை என்று சிலர் சொன்னார்கள். கழிவறைக் காகிதம் பதுக்கியவர்களுக்கு வந்த தண்டனை என்று பதுக்கத் தவறியவர்கள் சொன்னார்கள். மேயர் வானொலியில் பேசி, ஊரில் பாதியில் நிற்கும் விடைபெறல்கள் யாவும் முடிந்ததாகக் கொள்ளப்படும் என்று அறிவித்தார். யார் காலும் அசையவில்லை. அதன் பிறகு வாழைப்பழத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுவதிலேயே எல்லோருக்கும் அலுப்புத் தட்டிவிட்டதால், ஒட்டிக்கொண்டவர்களைப் பற்றிப் பேசுவது குறைந்துபோனது.

ஆர்டிஸ் ஹேகன் வீட்டு வாசற்படியில் ஒட்டிக்கொண்டவர் டுவெய்ன் லோஃப்கிரென். ஆர்டிஸும் அவள் கணவன் வெர்லினும் ஏரியின் தென்கரையில் பழைய படகும் மீன்பிடிச் சாமானும் விற்றார்கள்; வடகரையில் அதே வியாபாரத்தை டுவெய்ன் செய்தார். நாற்பது வருடமாக ஒருவர் சரக்கை இன்னொருவர் ஓட்டை என்று சொல்லியே மூவரும் பிழைத்துவந்தார்கள். வெர்லின் முதியோர் இல்லத்தில் படுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டு, அவனுடைய சொந்தப் படகை, கடைச் சரக்கில் சேராத அந்தப் பச்சைப் படகை, விலை கேட்க டுவெய்ன் வந்திருந்தார். அதை விற்றால் வெர்லின் திரும்பி வரமாட்டான் என்று தானே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகும் என்பதால், கேட்டவன் ஓடிப்போகிற விலையாகப் பார்த்து ஆர்டிஸ் ஒன்றைச் சொன்னாள். டுவெய்ன் தொடையைத் தட்டி எழுந்தார். படியில் நின்று கையை நீட்டப் போனவர், உத்தரவு ஞாபகம் வந்து இழுத்துக்கொண்டார். அத்தோடு சரி.

"ஊர்ல இத்தனை வாசல் இருக்கே டுவெய்ன், ஒட்டிக்க உனக்கு என் வாசல்தானா கெடச்சுது?" என்றாள் ஆர்டிஸ்.

"நீ சொன்ன வெலையைக் கேட்டு கால் மரத்துப் போச்சும்மா. வேற ஒண்ணுமில்ல."

வடகரையில் டுவெய்னைத் தேட ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைத் தவிர யாரும் இல்லை. ஆர்டிஸ் அவருக்கு வெர்லினின் கம்பளிக் கோட்டைத் தூக்கிப் போட்டாள். கோட்டுக் கையில் கிழிசல் என்று குறை சொல்லிவிட்டு அவர் போட்டுக்கொண்டார்.

உண்மையில் வாஸ்பியில் முதலில் பாதியில் நின்றது வெர்லினின் வாசல்தான். அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை. உத்தரவுக்கு முன்னமே ஒரு மத்தியானம் முதியோர் இல்லத்தில் பார்வையாளர்களை நிறுத்தினார்கள். ஆர்டிஸ் தொடையைத் தட்டியாயிற்று, எழுந்தாயிற்று, ஏரியைப் பற்றிப் பேசியாயிற்று. கட்டிலிலிருந்து வெர்லின் கையை நீட்டிய சமயத்தில் பாதுகாப்பு உறை மாட்டிய ஊழியர் ஒருவர் வந்து அவள் முழங்கையைப் பிடித்து வெளியே நடத்திப் போய்விட்டார். இழுத்துவிட்டதால் அவளுடைய கால் நகர்ந்தது. ஆனால் விருந்தாளி முறைப்படி போகாததால் வெர்லினால் கதவைச் சாத்த முடியவில்லை. அந்தக் கட்டில்தான் அவனுக்கு இப்போது வீடு. அவனிடம் மிச்சமிருந்த கதவுகள் இரண்டு இமைகள் மட்டுமே.

அங்கே வேலை பார்த்த ஹோதன் என்ற சோமாலியப் பெண்தான் தொலைபேசியில் சொன்னாள். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஐயா கண்ணை மூட மாட்டேங்குறாரு."

"தூக்கம் வரலையாமா?"

"தூக்கம் இல்லம்மா, மூட வரலை. நானே வெரலால இமையை எறக்கிப் பாத்தேன். சுருள் தெரை மாதிரி மேல போயிருது."

பிறகு காய்ச்சல் அந்த இல்லத்துக்குள்ளும் வந்தது. வெர்லினுக்கும் வந்தது. அவனுடைய நுரையீரல் இரண்டும் ஒரே நாளில் வேலையை நிறுத்திக்கொண்டன. மருத்துவர் மரணச் சான்றில் கையெழுத்துப் போட்டு அறைக்கு வந்தபோது, வெர்லின் விழித்த கண்ணோடு காப்பி கேட்டான். மருத்துவர் இன்னொரு தடவை சோதித்துவிட்டு, இதயமும் அநேகமாக நின்றுவிட்டது என்று சொல்லி, சான்றைக் கிழித்துப் போட்டார். காப்பியில் பால் குறைவு என்பதைத் தவிர வெர்லினுக்குச் சொல்ல எதுவும் இல்லை.

ஆர்டிஸ் தினமும் மடக்கு நாற்காலியோடு போய் அவனுடைய சன்னலுக்கு வெளியே பனியில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு தொலைபேசி, அந்தப் பக்கம் ஹோதன் பிடித்திருக்கும் தொலைபேசி. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "ரொம்ப மோசமில்ல" என்பான். ஆயுசு முழுக்க அவன் சொன்ன பதில் அது. களஞ்சியம் எரிந்த வருஷமும் அதையேதான் சொன்னான். ஏப்ரல் பிறந்த பிறகு ஒரு நாள், "அசதியா இருக்கு ஆர்டிஸ்" என்றான். வாஸ்பியில் ஒரு ஆண்பிள்ளை இந்த வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அவள் வானிலையைப் பற்றிப் பேசினாள்.

"அன்னிக்கு விட்ட கையைக் குடுத்துரு," என்றான் அவன். "நான் செத்த தூங்குறேன்."

"சன்னல் ஒரு சாண்தான் தெறக்குமாம். கை எட்டாது." அதோடு அந்தப் பேச்சை முடித்தாள்.

அந்த வாரமே வழி பிறந்தது. அக்கா வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த பள்ளிக்கூட ஆசிரியை மார்லிஸ், சலிப்பில் ஒரு படகுத் துடுப்பை எடுத்துக் கைப்பிடியை அக்காவிடம் நீட்டி, அகலமான முனையைத் தான் பிடித்துக்கொண்டு இரண்டு குலுக்குக் குலுக்கினாள். ஆறடிக்கு மேல் நீளமான துடுப்பு. அவளுடைய கால் விட்டுவிட்டது. பின்னாலேயே கதவும் சாத்திக்கொண்டது. மறுநாள் விடிவதற்குள் ஆர்டிஸ் வீட்டு முற்றத்தில், ஆறடி ஆறடி இடைவெளிவிட்டு, ஊரே துடுப்புக்கு நின்றது. ஒடிந்த துடுப்பு, புழு அரித்த துடுப்பு, பூஞ்சை பிடித்த துடுப்பு எல்லாம் போயின. பேரம் பேசாமல் வாங்குகிற கூட்டத்தை ஆர்டிஸ் தன் வியாபார வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தாள். பாஸ்டர் வீட்டுக்குப் போனார், இன்சூரன்ஸ் முகவர் போனார். மருமகன் இரண்டு துடுப்பு வாங்கினான், ஒன்று கைநழுவினாலும் மற்றது இருக்கட்டும் என்று.

டுவெய்ன் மட்டும் நின்றார். அவர் வடகரையில் துடுப்பைக் குவித்துவைத்திருந்த வியாபாரி. தன் சரக்குக்கு இப்படி ஒரு காலம் வந்தபோது எதிரி வீட்டுப் படியில் நின்று அவள் சரக்கு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு வெர்லின் தொலைபேசியில் கேட்டான். "துடுப்பு வித்தியாமே?"

"ஒண்ணு பாக்கியில்லாம போயிருச்சு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திறந்த கதவுக்கு வெளியிலிருந்து டுவெய்ன் கேட்டுக்கொண்டிருந்தார். "பச்சைப் படகுக்குள்ள ஒரு ஜோடி கெடக்குதே, அது என்ன முருங்கக்காயா?"

"உன் வேலையைப் பாரு."

"எனக்கு என்ன வேலை, நிக்கிறதுதான். ஆர்டிஸ், ஊரையே வீட்டுக்கு அனுப்பி வெச்சவ நீ. என்னை மட்டும் ஏன் நிறுத்தி வெச்சிருக்கன்னு எனக்கு வெளங்காதுன்னு நெனச்சியா? என் கையைக் குலுக்கி என் கால் விட்டுருச்சுன்னா, துடுப்பு வேலை செய்யுதுன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி. அப்புறம் அவன்கிட்ட சொல்றதுக்கு உன்கிட்ட சாக்கு இருக்காது."

ஆர்டிஸ் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவருக்கு வைத்த கறியில் அன்று உப்பு இல்லை. இல்லை என்று அவரும் சொல்லவில்லை.

அடுத்த நாள் சன்னலுக்குப் போனபோது வெர்லினின் கண்கள் காய்ந்து சிவந்து கிடந்தன. ஹோதன் மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள், அவளே நின்றபடி தூங்கிக்கொண்டிருந்தாள். வெர்லின் கோபித்துக்கொள்ளவில்லை, கெஞ்சவும் இல்லை. மிஞ்சிய கேக்கை எடுத்துப் போகச் சொல்கிற அதே குரலில் கேட்டான். "குடுத்துரேன் ஆர்டிஸ்."

துடுப்பைப் பற்றி விசாரித்ததையும் சேர்த்தால் அது மூன்றாவது தடவை. அந்த ஊரில் மூன்றாவது தடவை கேட்டதை மறுக்கிற பழக்கம் இல்லை. ஆர்டிஸ் எழுந்து நாற்காலியை மடக்கினாள். வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, படகின் மேல் கட்டியிருந்த தார்பாயை அவிழ்த்து, ஒரு துடுப்பை எடுத்துப் பிக்கப் வண்டியின் பின்னால் போட்டாள். டுவெய்ன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஒரு சாண் திறந்த சன்னல் வழியாகத் துடுப்பின் கைப்பிடியை உள்ளே விட்டாள். ஹோதன் வெர்லினின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து அதன்மேல் மடித்து வைத்தாள். அகலமான முனையை ஆர்டிஸ் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்; பச்சைச் சாயம் உதிர்ந்து கையுறையில் ஒட்டியது. அவசரப்பட அவளுக்கு மனமில்லை, அவனும் அவசரப்படுத்தவில்லை.

"பனி உடைஞ்சுருச்சா?"

"ஓரத்துல விட்டுருச்சு. நடுவுல இன்னும் கறுப்பா நிக்குது."

"காத்து அடிச்சா ஒரு நாள்ல போயிரும்."

"போயிரும்."

"சரி, அப்புறம்," என்றான் வெர்லின்.

மேலும் கீழுமாக இரண்டு குலுக்கு. மர முனையில் அவனுடைய பிடி இறுகியதும் பிறகு தளர்ந்ததும் அவளுக்குத் தெரிந்தது. இமைகள் தாமாகவே இறங்கின, நல்ல தச்சன் போட்ட கதவுபோல, சத்தமில்லாமல். ஹோதன் சற்று நேரம் காத்திருந்து பார்த்தாள். அவை மேலே போகவில்லை. அவள் துடுப்பை மெல்ல வெளியே தள்ளிக் கொடுத்து, சன்னலைச் சாத்தினாள்.

ஆர்டிஸ் வீட்டுக்கு வந்தபோது டுவெய்ன் தொப்பியை இன்னும் கையிலேயே வைத்திருந்தார். "ஆச்சா?"

"ஆச்சு."

துடுப்பு அவளுடைய கையில்தான் இருந்தது. சாக்கு என்று எதுவும் மிச்சமில்லை என்பது இருவருக்கும் தெரியும். டுவெய்ன் முறைப்படி கையை நீட்டினார். ஆர்டிஸ் துடுப்பைத் தூக்கப் பார்த்தாள். பாதிவரை தூக்கியவள் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னொண்ணு என்னால முடியாது டுவெய்ன். ஒரு நாளைக்கு ஒண்ணுதான்."

"எனக்கு என்ன அவசரம்," என்று அவர் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

மறுநாளும் அவளுக்கு முடியவில்லை, அதற்கு மறுநாளும். மே மாதத்தில் உத்தரவைத் தளர்த்தினார்கள். கோடையில் கடைகள் திறந்தன. பின்னர் தடுப்பூசி வந்தது, ஜனங்கள் பழையபடி கைகொடுத்துக்கொண்டு காருக்குப் போனார்கள். அந்தத் தென்கரை வீட்டு வாசலில் டுவெய்ன் நிற்கிறார். அவர் தலைக்கு மேல் ஆர்டிஸ் ஒரு தகரக் கூரை போட்டாள், அடுத்த குளிருக்குள் மூன்று பக்கமும் பலகை அடித்தாள். வடகரைச் சரக்கெல்லாம் லாரியில் ஏறித் தென்கரைக்கு வந்து சேர்ந்தது. தபால்காரர் அவருடைய கடிதங்களை அங்கேயே கொடுக்கிறார். சாத்தாத கதவால் ஆகும் ஹீட்டர் செலவில் பாதி அவருடையது, அதிலும் தினம் ஒரு வாக்குவாதம்.

பனி உடைகிற ஒவ்வொரு வசந்தத்திலும் படகு விலைபேச்சு மறுபடி தொடங்குகிறது. பேரம் படிந்தால் கைகொடுக்கவேண்டும், கைகொடுத்தால் கால் விட்டுவிடும் என்பதை இரண்டு வியாபாரிகளும் மறந்தவர்கள் அல்ல. ஆர்டிஸ் முதல் வருடம் பாதியாகக் குறைத்தாள், டுவெய்ன் கட்டுபடியாகாது என்றார். அடுத்த வருடம் பாதியில் பாதி. அதற்கும் அவர் படகின் அடிப்பலகையைத் தூரத்திலிருந்தே பார்த்துத் தலையாட்டினார். போன வசந்தத்தில் ஆர்டிஸ் காப்பிக் கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, "சரிப்பா, சும்மாவே எடுத்துட்டுப் போ," என்றாள்.

டுவெய்ன் காப்பியை ஒரு வாய் குடித்தார். "சும்மாவா? வெலை ஜாஸ்திம்மா."