கொரியாவுக்காகப் பூட்டிய வீடு

கொரியா எந்தத் திக்கில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஆனாலும் ஐம்பதாம் வருஷம் அங்கே சண்டை என்று பேப்பரில் பார்த்ததும், எங்கள் வீட்டு முன்பகுதியைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பட்டணத்து ஜனம் செங்கல்பட்டுக்கு ஓடிவந்ததும், மாட்டுக்கொட்டகைக்குக்கூட வாடகை கிடைத்ததும் அவர் மனசை விட்டுப் போகவில்லை.

"மறுபடி வருவானுங்க சரோஜா. பங்களாக்காரன்லாம் கால்ல வுழுவான், பாத்துகினே இரு."

எனக்கு அப்போது எட்டு மாசம். முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை, நான் பிழைத்ததே ஆச்சரியம். ஆஸ்பத்திரி மருத்துவச்சி ஜெசிந்தா அந்த முன்பகுதியைத்தான் வாடகைக்குக் கேட்டு வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். பயமாக இருக்கிறது என்று வாய்விட்டே சொன்னேன்.

"நர்சம்மாவுக்கு வுட்டுட்டா பங்களாக்காரனை எங்க வெக்கிறது?" என்றார் மனுஷர். ஜெசிந்தா ரயில்வே லைனுக்கு அந்தப்புறம் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனாள். ஆத்திரத்தில் அன்றைக்கு நான் ரசத்தில் உப்பே போடவில்லை. அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

பதினைந்து நாளில் பட்டணத்து ஜனம் வரத்தான் வந்தது. ஜட்காவிலிருந்து என் நாத்தனார் முனியம்மா, அவள் புருஷன் தர்மராஜ், ஐந்து பிள்ளைகள், ஓர் ஆட்டுக்கல் எல்லாம் இறங்கின. ரேஷன் கார்டை மட்டும் மறந்துவிட்டார்களாம்.

"இன்னாமே இது, சொல்லாம கொள்ளாம?" என்றார் இவர் தங்கையிடம்.

"நீதான அண்ணே கடுதாசி போட்ட? பட்டணத்துல குண்டு வுழும், நம்ம வூட்ல எடம் கீது, வசதியானவங்க கைல சொல்லுன்னு?"

"நாங்க ஒருத்தர் கைலயும் சொல்லல மச்சான். நம்ம வூடாச்சே!" என்றார் தர்மராஜ்.

அரைஞாணிலிருந்து சாவி அவிழ்ந்தது.

அடுத்த மாசம் ஒரு மத்தியானம் எனக்கு வலி எடுத்தது. இவர் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடினார். ஜெசிந்தாவை அழைத்துக்கொண்டு திரும்பும்போது ரயில்வே கேட் மூடிக் கிடந்ததாம். கூட்ஸ் போய் முடிகிற வரைக்கும் நடுரோட்டில் அழுதுகொண்டு நின்றார் என்று அவள்தான் பிறகு சொன்னாள்.

பெண் குழந்தை. ஊரே கேட்கிற மாதிரி அழுதது. நானும் அழுதேன்.

"பத்து நாளைக்கு நான் கூடவே இருக்கணும். எங்க படுக்கிறது?" என்று ஜெசிந்தா கேட்டாள். முன்பகுதியில் தர்மராஜ் குடும்பம் நிரம்பியிருந்தது. பின்பகுதியில் இருப்பது ஒரே அறை. இவர் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பிளாட்பாரத்துக்கு நடந்தார்.

கொரியா யுத்தத்தில் வீட்டைவிட்டு ஓடிய செங்கல்பட்டுக்காரர் அவர் ஒருவர்தான்.