சங்கவி இருக்கும் திசை

படாளத்தில் ஜி.எஸ்.டி. சாலையோரத் தனியார் பள்ளியின் தோட்டத்தில் சூரியகாந்திகள் சூரியனைப் பார்க்கவில்லை. மூன்றாம் வகுப்பு சங்கவியைப் பார்த்தன. எதிரே இட்லிக் கடை வைத்திருந்த வச்சலாவின் மகள் அவள், இலவச இடத்தில் சேர்ந்தவள். விளம்பரப் பலகைக்குப் படம் எடுப்பதற்காகவே தாளாளர் ஜானகிராமன் அந்தத் தோட்டத்தைப் போட்டிருந்தார். அரளிக்கும் அவரைக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் அதற்கு ‘இயற்கைவழிக் கல்வி’ என்று பெயரும் வைத்திருந்தார்.

இளஞ்செடி காலையில் கிழக்கையும் மாலையில் மேற்கையும் பார்க்கும் என்று ஆசிரியை ஹரிப்ரியா பாத்தியருகே பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, சங்கவி தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போனாள். பாத்தி மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. “மிஸ், அதுங்க சங்கவியத்தான் பாத்துகினு கீதுங்க” என்றான் ஹேமந்த். ஹரிப்ரியாவும் பார்த்தாள். வேலை முக்கியம் என்பதால், புத்தகத்தில் இருப்பதையே எழுதச் சொன்னாள்.

செய்தி பரவியதும் பெற்றோர்கள் திரண்டு வந்தார்கள். முழுக் கட்டணம் கட்டுகிற பிள்ளைகளை விட்டுவிட்டு இலவசப் பிள்ளையைப் பூ பார்ப்பது என்ன நியாயம் என்று கேட்டார்கள். சிலர் தம் பிள்ளைகளுக்கு மஞ்சள் சட்டை மாட்டி, சென்ட் அடித்து, பாத்தி முன் நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு பூவும் மதிக்கவில்லை. ஆண்டு விழாவில் சங்கவியைக் கழிவறைப் பக்கம் உட்காரவைத்தார்கள். சிறப்பு விருந்தினர் பூக்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே இயற்கையைப் பற்றி உரையாற்றினார்.

மறுநாள் ஜானகிராமன் வச்சலாவைக் கூப்பிட்டார். “ஒம் பொண்ணால ஸ்கூல் பேரே கெடுது. டி.சி. வாங்கிக்கோ.”

“பூ பாத்ததுக்கு எம் பொண்ணு இன்னா சார் பண்ணும்?”

அவர் டி.சி.யில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். கடை வாசலில் சங்கவி அன்று வெகுநேரம் அழுதாள். பிறகு தெற்கே கருங்குழி அரசுப் பள்ளியில் சேர்ந்தாள். பூக்கள் தெற்கே திரும்பின. ஜானகிராமன் பிடுங்கிப் போட்டார், மறுபடி முளைத்தன. கயிறு கட்டி இழுத்தார், கயிறு அறுந்தது. அவள் செங்கல்பட்டில் கல்லூரிக்குப் போனபோது பூக்கள் வடக்கே பார்த்தன. ‘குபேர திசை நோக்கும் தோட்டம்’ என்று அவர் பலகையில் எழுதிப் போட்டார். படித்த பெற்றோர்கள் வரிசையில் நின்று பிள்ளைகளைச் சேர்த்தார்கள்.

இப்போது சங்கவிக்குச் சிறுசேரியில் ஐ.டி. வேலை. பொழுது சாய்கையில் கடைக்கு வரும் ஹரிப்ரியாவோடு பேசிக்கொண்டே வச்சலா சாலைக்கு அப்பால் ஒருமுறை பார்ப்பாள். பூக்கள் வடகிழக்கிலிருந்து மெல்ல அசைந்தால், “பொண்ணு கேப் ஏறிட்சி” என்று சொல்லிவிட்டுத் தோசைக்கு மாவைக் கரைக்கத் தொடங்குவாள்.