பழசு இருக்குல்ல

ஆக்ஸிஜன் குழாயைச் சுருட்டச் சுருட்ட அது திரும்பவும் விரிந்துகொண்டே இருந்தது. நாலாவது தடவையாகச் சில்வண்டு அதை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் பெரியம்மாவின் குரல் கேட்டது. அழுகை இல்லை. "எங்க வெச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

சில்வண்டுக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு பெயர். ஓயாமல் பேசுகிறவள் என்று சித்தி வைத்த பெயர்தான் பதினாறு வயதிலும் வீட்டில் நிலைத்திருந்தது. ஆனால் நேற்று சாயங்காலம் ஆறே முக்காலிலிருந்து அவள் யாரிடமும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசவில்லை. துக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

பெரியம்மாவும் சித்தியும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. பெரியம்மா கொண்டுவந்த வரனைச் சித்தி வேண்டாம் என்றதில் ஆரம்பித்தது. "உனக்கு அந்தக் கம்ப்யூட்டர் மெஷின்தான்டி புருஷன்" என்று பெரியம்மா சொன்னாள். "அதுவாவது சொன்னாக் கேக்குது" என்று சித்தி சொன்னாள். அதோடு சரி. நடுவில் பிறந்த அம்மா இரண்டு பேருக்கும் தனித்தனியாக ஃபோன் செய்துகொண்டிருந்தாள்.

பெரியம்மா சித்தியைக் கிடத்தியிருந்த கட்டிலருகே போனாள். சித்தியின் மூக்கின் மேல் மாஸ்க் அழுத்திய கோடு இன்னும் போகவில்லை. அதை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

"நீதானே பக்கத்துல இருந்தே. கடைசியா என்ன சொன்னா?"

சில்வண்டு குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னைக் கேட்டாளாடி?"

"கேட்டாங்க."

"என்னன்னு?"

"அக்கா வந்தா... சாப்பிடச் சொல்லுன்னு."

பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷத்தின் அழுகை ஒன்றாக வந்தது.

மத்தியானத்துக்குள் அந்தப் பொய்க்குக் கை கால் முளைத்துவிட்டது. கூடத்தில் யாரோ, "அக்கா கையால ஒரு வாய் சாப்பிடணும்னு கேட்டாளாமே" என்றார்கள். மாடிப்படியில், "அக்காவ மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடினாளாம்" என்றார்கள். சில்வண்டு எந்தப் பக்கம் போனாலும் அது அவளுக்கு முன்னால் போய் நின்றது.

நடந்தது வேறு.

ஊருக்கு வெளியே லாரிகளை எடை போடும் மேடை ஒன்று இருந்தது. அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரைச் சித்திதான் வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொண்டாள். மேடைக்கடியில் இருக்கும் எடைக்கருவியைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் அட்டை அதைவிடப் பழையது. கம்ப்யூட்டரை உள்ளிருந்து இயக்கும் கெர்னல்களில் புதிது எதற்கும் அதை அடையாளம் தெரியாது. அதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் டிரைவர் நிரலைச் சித்தியே எழுதி, கெர்னலையும் தன் கையாலேயே கட்டி வைத்திருந்தாள். "அவங்க குடுக்குற கெர்னல் ரெடிமேட் சட்டை. எல்லாருக்கும் நுழையும், ஒருத்தனுக்கும் பொருந்தாது. இது அளவெடுத்துத் தெச்சது" என்பாள்.

சித்தி படுக்கையில் விழுந்த பிறகு, தினமும் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து எல்லாம் ஓடுகிறதா என்று பார்க்கும் வேலை சில்வண்டுக்கு வந்தது. நுழையும்போதெல்லாம் இந்தப் பதிப்புக்கு ஆதரவு முடிந்துவிட்டது, மேம்படுத்துங்கள் என்று ஒரு வரி வந்து நின்றது. "நான் எழுந்து உக்காந்ததும் பாத்துக்கலாம். தொடாதே" என்று சித்தி சொல்லியிருந்தாள். எழுந்து உட்கார மாட்டாள் என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னது சில்வண்டுக்குத் தெரியும். அதனால்தான் தொட்டாள். முடித்துவிட்டுச் சொன்னால் சித்தி சிரிப்பாள் என்று நினைத்தாள்.

நேற்று மூன்று மணிக்கு அப்கிரேடை ஓடவிட்டாள். பாதியில், ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று நின்றது. எதை அழிக்கலாம் என்று தேடினாள். சித்தி கட்டிய கெர்னல் இருந்த ஃபோல்டர் கண்ணில் பட்டது. புதுசுதான் வருகிறதே என்று நான்கு மணிக்கு அதை அழித்தாள். மீதி அப்கிரேடும் முடிந்து, ரீபூட் ஆகி எல்லாம் நன்றாக வந்தது. தேதி வந்தது, நெட் வந்தது, பிரிண்டர்கூட வந்தது.

ஆறு மணிக்கு எடைமேடைக்காரர் சித்தியின் ஃபோனில் கூப்பிட்டார். அம்மா மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். சித்தி கண் திறந்து, ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கை காட்டினாள்.

"ஏம்மா, கல்லு ஏத்துன லாரி மேடையில நிக்குது. இருபது டன்னாவது இருக்கும். உங்க மெஷின் சைபர்ங்குது. நான் என்ன காத்தா ஏத்திட்டு வந்திருக்கேன்னு டிரைவர் சிரிக்கிறான்."

சித்தி மாஸ்க்கை இழுத்து முகவாய்க்குக் கீழே விட்டுக்கொண்டாள். அதைக் கழற்றிப் பேசவிடக் கூடாது என்று நர்ஸ் இரண்டு தடவை சொல்லியிருந்தாள்.

"என்ன... பண்ணின?"

"அப்கிரேடு பண்ணிட்டேன் சித்தி."

"பழசு... இருக்குல்ல?"

சித்தியின் விரலில் மாட்டியிருந்த, ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவியில் எண்பத்தெட்டு என்றிருந்தது எண்பத்தொன்றாகியது. சில்வண்டு அதைப் பார்த்தாள். மாஸ்க்கை எடுத்து மாட்டியிருக்க வேண்டும்.

"இருக்கு" என்றாள்.

"அப்ப பழசுலயே... ஏத்து. பழசு இருக்குற வரைக்கும்... ஒண்ணும் ஆவாது." எழுபத்தாறு. "பயப்படாத."

மாஸ்க்கைத் தானே மேலே இழுத்துக்கொண்டு கண்ணை மூடினாள். சில்வண்டு கூடத்துக்கு ஓடிப்போய், இல்லாத ஃபோல்டரைத் தேடிக்கொண்டிருந்தாள். ஆறே முக்காலுக்கு அம்மா வந்து கதவைத் தள்ளியபோது கருவியில் எண்ணே இல்லை, இரண்டு கோடுகள் மட்டும் இருந்தன. "எப்ப ஆச்சு?" என்று அம்மா கேட்டாள். சில்வண்டுக்குத் தெரியவில்லை.

எடைமேடைக்காரர் ஒரு மணிக்கு வந்தார். சட்டை வெளுத்திருந்தது, செருப்பில் கல்தூள். சித்தியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

"இவர் ஃபோன் பண்ணப்பதான் கடைசியா முழிச்சிருக்கா" என்று அம்மா பெரியம்மாவிடம் சொன்னாள். அதற்காகவே காத்திருந்ததுபோல் பெரியம்மா எழுந்துவந்தாள்.

"அண்ணே, அப்ப உங்களுக்குக் கேட்டிருக்குமே. என்னைப் பத்தி அவ பேசினது."

அவர் சில்வண்டைப் பார்த்தார். அவள் அவருடைய கால் நகங்களைப் பார்த்தாள். கூடத்தில் யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

"மேடையில ஒரே லாரி இரைச்சலுங்க" என்றார் அவர். "எனக்கு ஒண்ணும் சரியாக் கேக்கல."

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, கூடவே வந்த சில்வண்டிடம் மெதுவாகக் கேட்டார். "காலையிலயும் சைபர்தான் காட்டுது. பழசு இருக்குன்னியேம்மா?"

"இல்ல சார். அதுக்கு முன்னாடியே அழிச்சிட்டேன்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சரி. இன்னிக்கு இத நெனக்காத. கல்லு எங்கயும் ஓடிப் போயிடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

சில்வண்டு சித்தியின் லேப்டாப்பை மூலையில் வைத்துத் திறந்தாள். சித்தி எதையும் ஒரே இடத்தில் வைப்பவள் அல்ல என்பது காலையில்தான் நினைவுக்கு வந்திருந்தது. எடைமேடைக் கம்ப்யூட்டரிலேயே, சித்தியின் சொந்தக் கோப்புகளுக்கிடையில், டிரைவரும் இருந்தது. கெர்னலில் எதெல்லாம் சேர வேண்டும் என்ற பட்டியலும் இருந்தது. அழிந்தது கட்டிய கெர்னல்தான். இவற்றை வைத்து மறுபடி கட்டலாம். நேற்றே இங்கே தேடியிருந்தால்... அவள் அதற்குமேல் நினைக்கவில்லை.

பட்டியலில் வரிக்கு வரி சித்தியின் குறிப்பு. எடை அட்டைக்கான வரிக்குப் பக்கத்தில் இப்படி இருந்தது: 'இத எடுத்துடாத. ஒரு தடவ விட்டுட்டேன், நாள் பூரா எடை வரல. எடைமேடை அண்ணன்கிட்ட கரண்ட் பிரச்சினைன்னு புளுகினேன்.'

சில்வண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்துவதற்குள் சத்தம் வெளியே போய்விட்டது.

"சாவு வீட்டுல உக்காந்து கேம் ஆடுறதும் இல்லாம சிரிப்பு வேறயா?" என்றார் மாமா, அம்மாவின் தம்பி. "தூக்கி வளத்தவளுக்கு இதுதான் மரியாதையா?"

நாலு தலைகள் திரும்பின. அம்மாவின் தலையும். சில்வண்டு புதுப் பதிப்புக்கான மூலநிரலை இறக்கி, சித்தியின் பட்டியலைக் கொடுத்து, கட்டும் கட்டளையை எடைமேடைக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு லேப்டாப்பை மூடினாள். பழைய இயந்திரம், நாலு மணி நேரம் பிடிக்கும்.

மூன்று மணிக்குச் சித்தியை எடுத்துப்போக வண்டி வந்தது. எல்லோரும் போனார்கள், அவளும் போனாள். திரும்பி வந்தபோது ஆறு. சித்தியின் அறையில் கட்டிலை மடித்துச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். நாற்காலியில் குழாயும் மாஸ்க்கும் கிடந்தன.

கெர்னல் கட்டி முடிந்திருந்தது. இந்தத் தடவை, ஓடிக்கொண்டிருந்த கெர்னலை முதலில் வேறு பெயரில் நகல் எடுத்தாள். எடுத்தது இருக்கிறதா என்று திறந்து பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு புதியதைப் பொருத்தி ரீபூட் செய்துவிட்டு எடைமேடைக்காரரைக் கூப்பிட்டாள்.

"இப்ப வண்டி எதுவும் இல்லியேம்மா. இரு, நானே ஏறி நிக்கிறேன். லாரிக்குன்னு போட்ட மேடை, ஆள மதிக்குமான்னு தெரியல."

திரையில் சைபர் இருந்தது. பிறகு எழுபது.

"எழுபது சார்."

"பத்துப் பத்துக் கிலோவாத்தானே காட்டும், சரியாத்தான் இருக்கு." அவர் இறங்கவில்லை போலிருக்கிறது, எண் அப்படியே நின்றது. "பவர் ஏதோ கோளாறாம்னு டிரைவருங்ககிட்ட சொல்லிட்டேன். உங்க சித்திகிட்டக் கத்துக்கிட்டதுதான். ஒரு நாள் பூரா எடை வரல, என் தலைக்கு மேல ஃபேன் ஓடிக்கிட்டிருந்துச்சு, அந்தம்மா கரண்ட் இல்லன்னாங்க." ஃபோனில் தூரத்து லாரிச் சத்தம் கேட்டது. "ஆனா நாங்க புளுகினது வெறும் எடையப் பத்திம்மா" என்றார். ஃபோனை வைத்தார். எழுபது சைபர் ஆனது.

கதவருகே பெரியம்மா நின்றிருந்தாள். கையில் சித்தியின் துவைத்த போர்வை. காலையிலிருந்து அழுததில் முகம் லேசாகி, வயது குறைந்தாற்போல் இருந்தது.

"சாப்பிட்டேன்டி" என்றாள். "அவ சொன்னாளேன்னு ரெண்டு வாய் சாப்பிட்டேன்." உள்ளே வந்தாள். "இன்னொரு தடவ சொல்லேன். எப்படிச் சொன்னா? 'அக்கா'ன்னா சொன்னா?"

சில்வண்டு நாற்காலியிலிருந்த மாஸ்க்கையும் குழாயையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உக்காருங்க பெரியம்மா" என்றாள்.

திரையில் ஏதோ ஒரு வண்டி மேடைமேல் ஏறியது. எண் ஏறிக்கொண்டே போய், கொஞ்சம் ஆடி, ஓரிடத்தில் நின்றது.