பூனை எடுத்த படம்

வகுப்பில் பிள்ளைகளை ஆளுக்கொரு வீடியோ கதை செய்யச் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தலைவலிதான். ஒருவன் தன் சைக்கிள் கதையில் குண்டு வெடிக்கவிட்டான். இன்னொருத்தி கதையே இல்லாமல் பூவும் நட்சத்திரமுமாகப் பறக்கவிட்டாள். டேப்லெட்டில் இடமில்லை என்று அடுத்தவன் படத்தை அழித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல முழிப்பவனை என்ன செய்வது? கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

இதற்கு நடுவே பூனை. நடந்து வந்தால் காலடிச் சத்தம் கேட்காது என்று அந்தப் பெண்ணுக்கு வகுப்பு வைத்த பெயர். அவள் கொண்டுவந்த படத்தில் சத்தமே இல்லை. மைக்கை அணைத்துவைத்து எடுத்திருக்கிறாய் என்று திட்டித் திருப்பி அனுப்பினேன். மறுபடியும் அதே கதை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மைக் ஆன்லதான் இருக்கு டீச்சர். அப்பாவுக்கு ராத்திரி வேலை, பகல்ல தூங்குவாரு. அவரு எழுந்திரிக்கிற வரைக்கும் நாங்க யாரும் சத்தம் போட மாட்டோம்."

அதன்பிறகுதான் முழுவதையும் ஒழுங்காகப் பார்த்தேன். அவள் அம்மா துண்டை விரித்து அதன்மேல் பாத்திரங்களைக் கவிழ்க்கிறாள். தம்பி சிரிப்பு வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறான். அழைப்பு மணியின் பொத்தானை மூடிப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. அப்பா தூங்கும் அறையின் சாத்திய கதவைத் தாண்டும்போது பூனை குதிகாலைத் தூக்கிக்கொள்கிறாள்.

தலைமையாசிரியருக்கு இதெல்லாம் ஏறவில்லை. படங்களைத் திரையிடும் நாளில் பெற்றோர் முன்னால் ஊமைப்படம் போட்டால் மானம் போய்விடுமாம். ஒரு பாட்டைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் படத்தையே எடுத்துவிட வேண்டும் என்றார். பாட்டைப் போட்டால் கதை செத்துவிடும் என்று மல்லுக்கு நின்றேன். அதற்குச் சுவரோடு பேசியிருக்கலாம். பூனையோ, அப்பா தூக்கத்தை விட்டுவிட்டு வருகிறார், எப்படியாவது போடுங்கள் என்று கண் கலங்கினாள். நடப்பது நடக்கட்டும் என்று பாட்டில்லாமலேயே கடைசிப் படமாகச் சேர்த்துவிட்டேன்.

படம் தொடங்கியதுமே பின்வரிசையில் சலசலப்பு. சவுண்ட் வரவில்லை என்று யாரோ குரல் கொடுத்தார்கள். தலைமையாசிரியர் என்னை முறைத்தபடி எழுந்து நிறுத்தச் சொன்னார். ஆனாலும் கணினியை விட்டு நான் நகரவில்லை.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். பூனையின் அப்பா. இரவுப் பணிச் சீருடையைக்கூட மாற்றவில்லை, கண்கள் சிவந்திருந்தன. திரையில் அவர் மகள் சாத்திய கதவைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தாதீங்க சார்," என்றார், திரையிலிருந்து பார்வையை எடுக்காமல். "எங்க வீடே ஒரு அமைதியான வீடுன்னுல்ல இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன்."