செக்ரோலில் பேருள்ள யாரும்

மலாயாவில் செடெனாக்கிலிருந்து மூன்று கல் உள்ளே தள்ளிக் கிடந்த பாலத்தடித் தோட்டத்தில் ஓர் ஆயாக்கொட்டகை இருந்தது. பெண்கள் ரப்பர்ப் பால் வெட்டப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளை விட்டுச் செல்வதற்காகத் துரை கட்டிக் கொடுத்தது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, எல்லாம் பிரமாதம். என்ன ஒன்று, அதில் கங்காணி அர்ச்சுனனின் பதினோரு ஆடுகள் குடியிருந்தன. பிள்ளைகளோ காட்டுக்குள் இரண்டு ரப்பர் மரத்துக்கு நடுவே ஏணைத் துணியில் தொங்கின. அக்கிரமத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

பேச்சியம்மாளின் எட்டு மாதப் பெண்குழந்தையை அந்த ஏணையில்தான் செவ்வெறும்பு கடித்தது. அவள் அறுபது மரம் தள்ளி வெட்டிக்கொண்டிருந்தாள். அழுகை கேட்டு ஓடி வருவதற்குள் பிள்ளையின் இரண்டு கண்ணும் வீங்கி மூடிவிட்டன. மூன்று நாள் பால் குடிக்கவில்லை. பிழைத்தது மாரியாத்தாள் புண்ணியம். துரையிடம் முறையிடலாம் என்றால் கங்காணி வழியாகத்தான் போக வேண்டும். துரை கேட்டால் அவனேதான் பதிலும் சொல்லுவான். வேலிக்கு ஓணான் சாட்சி!

இப்படி இருக்கையில்தான் முப்பத்தேழாம் வருஷம் தோட்டத்துக்கு ஒரு கடிதாசி வந்தது. தொழிலாளிகளின் குறைகளைக் கேட்க இந்திய சர்க்காரின் ஏஜெண்டு ஆபீஸிலிருந்து ஓர் ஐயா வருகிறார். எல்லாருக்குமாகப் பேச ஒரே ஓர் ஆளைத் தொழிலாளிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். கங்காணி நிற்கக் கூடாது. வேலையாட்களின் பேர்ப் பதிவான செக்ரோலில் பேருள்ள ஆணும் பெண்ணும் ஓட்டுப் போடலாம் என்று அதில் இருந்தது.

ஓட்டு! தொழிலாளிகள் குடியிருந்த லயம் முழுவதும் அதே பேச்சு. கங்காணி சும்மா இருப்பானா? தான் நிற்க முடியாவிட்டால் என்ன, தன் மனைவியின் தம்பி செல்லப்பனை நிறுத்தினான். செல்லப்பன் பாவம், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன். அவன் பிள்ளையும் ஏணையில்தான் கிடந்தது, ஆனால் அக்காள் புருஷனுக்கு எதிரே அவன் ஒரு வார்த்தை பேச மாட்டான். கங்காணிக்கு வேண்டியதும் அதுதானே.

எதிர்த்து நின்றவன் வேலு, பேச்சியம்மாளின் வீட்டுக்காரன். ஐயாவிடம் முதல் பேச்சே ஆட்டைப் பற்றித்தான் என்று அவன் சொல்லிவிட்டான். கைதூக்கச் சொன்னால் பெண்கள் பத்தொன்பது பேரில் பெரும்பாலோர் அவனுக்குத்தான் தூக்குவார்கள். அதைப் பேச்சியம்மாள் வீடு வீடாகப் போய்ப் பேசி வைத்திருந்தாள்.

ஓட்டு நாளன்று பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு எல்லாரும் பெரட்டுக் களத்தில் கூடினார்கள். தினமும் விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் அதே இடம்தான். தோட்டத்துக் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி சதாசிவம் மேசை போட்டு, செக்ரோலை விரித்து, பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார்.

கங்காணி தொண்டையைக் கனைத்தான். "கையெல்லாம் தூக்க வேணாம் கிராணியாரே, ஒருத்தனே ரெண்டு கையையும் தூக்குவான். பேர் கூப்பிட்டதும் முன்னால வந்து, யாருக்கு ஓட்டோ அந்தப் பேரை வாயால சொல்லட்டும். மொதல்ல பொம்பளைங்க. சீக்கிரம் போயி ஒலை வைக்கணும் பாருங்க!"

என்ன கரிசனம்! கட்டினவன் பேரைப் பெண்பிள்ளை வாயால் சொல்லுவாளா? மாமனார் பேரைத்தான் சொல்லுவாளா? பாலத்தடித் தோட்டத்தில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு வேலுவின் மேல்தான் விழும். வடிவேலு, வேலுச்சாமி, வேலாயுதம், தங்கவேலு என்று லயத்துக்கு நாலு பேர். அந்த வீட்டுப் பெண்கள் முருகன் கையில் இருப்பதைக் கூட 'சாமி ஆயுதம்' என்றுதான் சொல்வார்கள். இது தெரிந்துதான் அந்தப் பாவி வாயால் சொல்லச் சொல்கிறான்.

"காளியம்மா!" என்றார் கிராணி.

வடிவேலுவின் மனைவி காளியம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்தாள். "அவுகளுக்குத்தான். இந்தா நிக்கிறாகளே, பேச்சி வீட்டுக்காரவுக."

"பேரு, பேரு!" என்றான் கங்காணி. "பேர் சொல்லாத ஓட்டு செல்லாது. கோடு போடுங்க கிராணியாரே."

காளியம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். கிராணி அவள் பேருக்கு எதிரே ஒரு கோடு போட்டார். அடுத்து வந்த தனலெட்சுமியின் மாமனார் வேலுச்சாமி. கோடு. அதற்கடுத்தவள் செல்லம், அவள் புருஷன் வேலாயுதம். அதுவும் கோடு. ஆண்கள் பக்கத்திலிருந்து, "அலமாக், ஐயையோ, பொம்பளைங்களுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு!" என்று ஒருவன் கத்த, சிரிப்பு கிளம்பியது. கங்காணி மீசையைத் தடவிக்கொண்டான்.

"பேச்சியம்மாள்!"

அவள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்தாள். ஊரில் வேறு எவள் துணிந்து சொன்னாலும் சொல்லலாம், கட்டினவள் அந்தப் பேரைச் சொல்ல முடியாது. சொல்லாவிட்டால் ஆடுகளுக்குச் சிமெண்டுத் தரை, பிள்ளைகளுக்கு எறும்பு. சிரிப்பைக் கேட்கக் கேட்கக் கோபம் வந்தது. நல்ல கோபம், உள்ளங்காலிலிருந்து வந்த கோபம்.

"பேச்சியம்மா" என்றாள்.

"உன் பேரு தெரியும்டி. ஓட்டு யாருக்கு?"

"அதைத்தான் சொல்றேன் கங்காணி. என் ஓட்டு பேச்சியம்மாளுக்கு. எழுதிக்குங்க கிராணியாரே."

கங்காணிக்கு முகம் சிவந்தது. "பொம்பளை நிக்கிறதா? எந்த ஊரு நாயம் இது?"

கிராணி சதாசிவம் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கடிதாசியை எடுத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "கங்காணி நிற்கக் கூடாது எண்டு இருக்கு. செக்ரோலில் பேருள்ள வேற யாரும் நிற்கலாம் எண்டும் இருக்கு. பொம்பிளை நிற்கக் கூடாது எண்டு ஒண்டும் எழுதேல்லை. இவ பேர் பன்னிரண்டு வருஷமா இந்தச் செக்ரோலில் இருக்கு."

"அப்ப எங்க கோட்டை அழிங்க!" என்று காளியம்மா பாய்ந்து வந்தாள். "எனக்கும் பேச்சியம்மா!" தனலெட்சுமி சொன்னாள், செல்லம் சொன்னாள். அந்தப் பேரைச் சொல்ல எந்தப் பெண்ணுக்கும் தடை இல்லை. கிராணி கோட்டை அழித்து அழித்து எழுதினார். பெண்கள் முடிந்தபோது பேச்சியம்மாளுக்குப் பதினாறு, செல்லப்பனுக்கு மூன்று.

ஆனால் ஆண்கள் இருபத்து நாலு பேர் மீதி இருந்தார்கள். வேலுவுக்குப் போட வந்தவர்கள் யாருக்குப் போடுவதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஓட்டு இரண்டாகப் பிளந்தால் செல்லப்பன் சுலபமாக ஜெயித்துவிடுவான். கங்காணிக்கு அது உடனே புரிந்தது. "பாத்தியா வேலு! கட்டினவளே உன்னைக் கவுத்துட்டா. நீ ஆம்பளைதானே, நின்னு காட்டு!"

பேச்சியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவரைக் கேட்காமல் செய்துவிட்டோமே! நாலு பேர் முன்னால் அவர் தலை குனிந்துவிட்டால் என்ன செய்வது? அவள் அவனை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

ஆண்கள் வரிசையில் முதல் பேரே வேலுதான். அவன் வந்து நின்றான். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் 'இந்தா', 'ஏ புள்ளே' என்பதைத் தவிர அவன் அவளை வேறு எதுவும் சொல்லி அழைத்ததில்லை. அதுவும் சபையில் பெண்டாட்டி பேரைச் சொல்லுகிற ஆண்பிள்ளையை லயத்தில் ஒரு மாசம் கேலி பண்ணுவார்கள்.

"யாருக்கு வேலு?" என்றார் கிராணி.

"பேச்சியம்மாளுக்கு" என்றான் வேலு. அது போதாதென்று களத்தின் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னான்: "நான் நிக்கல. எனக்குப் போட வந்தவங்க எல்லாம் பேச்சியம்மாளுக்குப் போடுங்க. கொட்டகை விஷயம் என்னைவிட அவளுக்குத்தான் நல்லாப் பேச வரும்."

அவளுக்குப் பொங்கிவிட்டது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. தன் பேர் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவள் அன்றைக்குத்தான் கண்டாள். இன்னும் ஏழு ஆண்கள் கங்காணியின் முறைப்பைத் தாண்டி வந்து அந்தப் பேரைச் சொன்னார்கள். கடைசியில் இருபத்து நாலுக்குப் பத்தொன்பது. பேச்சியம்மாள் ஜெயித்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஏஜெண்டு ஆபீஸ் ஐயா துரையோடு வந்தார். கங்காணி சும்மாவா இருந்தான்? ஆடுகளை ஆற்றங்கரைக்கு ஓட்டிவிட்டுக் கொட்டகைக்கு வெள்ளை அடித்து வைத்திருந்தான்.

ஐயா உள்ளே எட்டிப் பார்த்தார். "சுத்தமாத்தானே இருக்கு?"

"இன்னிக்குச் சுத்தங்க ஐயா" என்றாள் பேச்சியம்மாள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் இதுல ஆடு இருந்துச்சு. எங்க புள்ளைங்க மரத்துல தொங்குச்சுங்க. எம் பொண்ணைச் செவ்வெறும்பு கடிச்சு, கண்ணு தெறக்க மூணு நாளாச்சு."

"பொய்யிங்க ஐயா!" என்று கங்காணி குறுக்கே விழுந்தான். "இவளுக்குப் பாதித் தோட்டம் ஓட்டே போடல. இவ யாருக்காகப் பேசுறான்னு கேளுங்க."

ஐயா அவள் பக்கம் திரும்பினார். "சொல்லும்மா. நீ யாருக்காகப் பேசறே?"

இருபத்து நாலு என்று சொல்ல அவள் வாய் எடுத்தாள். அது நிஜம்தான். ஆனால் கூட்டத்தின் ஓரத்தில் செல்லப்பன் மனைவி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பது கண்ணில் பட்டது.

"நாப்பத்து மூணு பேருக்கும் ஐயா" என்றாள். "எனக்குப் போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும். இந்தா, செல்லப்பண்ணன் புள்ளைக்கும் சேத்துத்தான் கேக்குறேன்."

செல்லப்பன் தலை குனிந்தான். அவன் மனைவி அவனைப் பார்த்தாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத அந்த மனுஷன் ஓரடி முன்னால் வந்து, அக்காள் புருஷன் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "ஆடுதாங்க ஐயா இருந்துச்சு. பதினொண்ணு."

ஐயா எழுதிக்கொண்டார். துரை கங்காணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "நாளைக்கு பிள்ளை எல்லாம் இங்கே விடு" என்றார்.

"நாளைக்கு எதுக்குங்க துரை? இன்னிக்கே விடுறோம்" என்றாள் பேச்சியம்மாள். சொல்லிவிட்டு நேரே உள்ளே போய், இடுப்பிலிருந்த மகளை இறக்கி அந்தச் சிமெண்டுத் தரையில் உட்கார வைத்தாள். அவள் பின்னாலேயே செல்லப்பன் மனைவியும் தன் பிள்ளையோடு படியேறினாள்.