வெபுயெயைத் தாண்டிய நெலிமா

எல்டோரெட் நிலையத்தில் நின்ற மட்டாட்டு வேனில் பதினோரு பேர் ஏறியிருந்தார்கள். இன்னும் மூன்று பேர் வராமல் ஓட்டுநர் சாவியைத் தொடமாட்டார். சாப்பிட வரச்சொன்ன அக்கா நமால்வா புங்கோமா வீட்டிலிருந்து நாலாவது முறையாக அழைத்ததும், வேனில் உட்கார்ந்திருந்த நெலிமாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"வெபுயெயைத் தாண்டிட்டேன்க்கா, இன்னும் அரைமணிதான். உகாலிக் களிக்குத் தண்ணி வை" என்று சொல்லிப் போனை வைத்தாள். வெபுயெ, புங்கோமாவுக்குச் சற்று முன்னால் வரும் ஊர்.

முன் இருக்கையில் தொப்பியால் முகத்தை மூடித் தூங்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அக்கா புருஷன் மகோகா!

"என்ன கொழுந்தியா, வெபுயெயைத் தாண்டிட்டியாமே? நான் இன்னும் எல்டோரெட்லயே உக்காந்திருக்கேன்."

நெலிமாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அதற்குள் அவர் போன் அடித்தது. அக்காவின் குரல் வேன் முழுக்கக் கேட்டது.

"நெலிமா வெபுயெயையே தாண்டிட்டா. நீங்க எங்க கிடக்கீங்க?"

மகோகா நெலிமாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நானும் அவளும் ஒரே வண்டிதாண்டி."

"இப்ப யாரு மச்சான் பொய் சொல்றது?" என்று நெலிமா கிசுகிசுத்தாள்.

"ஒரே வண்டிதானே? இதுல பொய் எங்க இருக்கு?"

வேன் கிளம்ப மேலும் ஒரு மணி நேரம் ஆனது. பொழுது சாயும் நேரத்தில் வீடு வந்து சேர்ந்தவர்களை அக்கா வாசலிலேயே மறித்தாள்.

"வெபுயெயிலேருந்து வண்டியைத் தள்ளிக்கிட்டா வந்தீங்க?"

சாப்பாட்டு மேசையில் கோழிக்குழம்பு இருந்தது. விருந்தாளிக்கென்றே எடுத்துவைக்கும் இரைப்பைத் துண்டை மட்டும் காணோம்.

"பாத்துப் பாத்து ஆறிப்போச்சு. நானே தின்னுட்டேன்" என்றாள் நமால்வா.

இருவரும் உகாலியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்தார்கள்.