மணவாளன் தொண்டையில் இன்னாசிமுத்து

வில்லியனூரில் காஜா மொய்தீனின் பெயிண்ட் குடோனில் ஒரு பாட்டைப் பாடி முடித்து வெளியே வந்த மணவாளன், செத்து இருபது வருஷமான இன்னாசிமுத்துவின் குரலில் டீ கேட்டார். கடைக்காரர் போட்டுக் கொடுத்தார். சர்க்கரை தூக்கலாக இருந்தது.

'இடிதாங்கி' என்ற அந்த ராக் பேண்டில் எல்லோருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. மணவாளன் பாடுவார், காஜா மொய்தீன் டிரம்ஸ் வாசிப்பார். காலேஜ் விழா, தேர்த் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று வாசித்து அலுத்தவர்கள், கடைசியாக ஓர் ஆல்பம் போட ஆசைப்பட்டார்கள். சொந்தப் பாட்டு வேண்டாம், வாலிபத்தில் மேடையோரம் நின்று கேட்ட, இப்போது கலைந்துபோன பேண்டுகளின் பாட்டுகளை மட்டும் பாடலாம் என்று முடிவானது. உயிரோடிருந்தவர்களின் பாட்டுகளைப் பாடியபோது ஒன்றும் நேரவில்லை. அந்தப் பேண்டுகளில் ஒன்றில் பாடிய இன்னாசிமுத்து, சங்கராபரணி ஆற்று வெள்ளத்தில் போனவர். அவர் பாட்டைப் பாடியதும் அவர் குரல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று சாயங்காலம் பாகூர் வீட்டில் மணவாளனின் மனைவி ஆதிலட்சுமி, வாசலில் யாரோ அந்நிய ஆம்பிளை "ஆதி, கதவத் தொறடி" என்பதைக் கேட்டு உள்தாழ்ப்பாளையும் போட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் புருஷன். திறந்தாள். ஆனால் சோற்றை வைத்துவிட்டு எட்டி நின்றுகொண்டாள். பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, தொண்டை சுத்தமாக இருக்கிறது என்றார்கள். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்குப் பயம் கூடியது. அவர் பேசும்போதெல்லாம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடினால் பக்கத்தில் வேறொருவன் இருந்தான். இருமல்கூட அவனுடையதுதான். ஒரு நாள் தண்ணீர் கேட்கும்போது "விஜயா" என்று கூப்பிட்டார். கூப்பிட்ட மறுகணமே அவர் கண் கலங்கிவிட்டது.

"நான் கூப்புடல ஆதி. வாய் கூப்புடுது."

விஜயகுமாரி, இன்னாசிமுத்துவின் மனைவி. சேதி காதில் விழுந்து மதகடிப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தவள், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "எனக்கு ஒண்ணும் வாணாம்மா. சாப்ட்டியான்னு ஒரு வாட்டி கேக்கச் சொல்லு," என்றாள். மணவாளன் கேட்டார். "சாப்ட்டேன்," என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். மறுவாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும். வரவேண்டாம் என்று சொல்ல ஆதிலட்சுமிக்கு வாய் வரவில்லை. ஆனால் விஜயகுமாரி எழுந்து போகும் ஒவ்வொரு முறையும், புருஷன் பின்னாலேயே செருப்பை மாட்டுகிறாரா என்று காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணவாளனின் சொந்தக் குரல் எங்கே போயிற்று என்பது யாருக்கும் தெரியவில்லை. "மச்சான் பாட்ட வேற யாராவது பாடிப் பாத்தா இன்னா தங்கச்சி?" என்றார் காஜா மொய்தீன். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பாடினால் வருவது செத்தவர்களின் குரல். வந்துவிட்டால், எதிரில் உட்கார்ந்திருக்கும் மணவாளன் யார்? பேண்டில் ஒருவரும் மைக் பக்கம் போகவில்லை. தெரியாமலே பயந்துகொண்டிருக்க ஆதிலட்சுமியால் முடியவில்லை. அதுவரை துணி துவைக்கும்போதுகூடப் பாடாதவள், குடோனுக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, புருஷன் எழுதிய பாட்டைப் பாடத் தொடங்கினாள். இரண்டாம் வரியில் அவள் தொண்டையிலிருந்து மணவாளனின் குரல் வந்தது. காஜா மொய்தீனின் கை நின்றுவிட்டது.

ஹெட்போனை உருவி எறிந்துவிட்டு ஓடினாள். பெயிண்ட் டின் மேல் உட்கார்ந்திருந்த புருஷனின் மணிக்கட்டைப் பிடித்தாள். கை சூடாக இருந்தது. நாடி ஓடியது.

"இருக்கீங்கல்ல?" என்று அவர் குரலிலேயே அவரைக் கேட்டாள்.

"இருக்கேன். கைய வுடுடி, வலிக்குது," என்றார் அவர், இன்னாசிமுத்துவின் குரலில்.

ஆல்பம் வெளிவந்தது. பாகூர் டீக்கடைகளில் கொஞ்ச நாள் ஓடி ஓய்ந்தது. குரல்கள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. விஜயகுமாரி வெள்ளிக்கிழமைகளில் வருகிறாள், இப்போது மதியம் அங்கேயே சாப்பிடுகிறாள். ரேஷன் கடையில் ஆதிலட்சுமி வாய் திறந்தால் வரிசையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நெட்டப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த மகள் சரண்யா போன் செய்யும்போது, மறுமுனையில் அப்பாவின் குரல் "அலோ" என்றதும், "அம்மா, இன்னிக்கி இன்னா கொழம்பு?" என்கிறாள்.